தோத்த நாளும் கடலை விக்கும்

வாடா பேராண்டி, உக்காரு. தேக்கா சந்தையில இந்த மூலை மேசைதான் எனக்கு எப்பவும். உனக்கு ஒரு தே தாரிக், எனக்குக் கோப்பி ஓ கோசோங். சர்க்கரை வியாதிக்காரன் சொல்ற புத்தி இனிக்காது. கசந்தாலும் முழுங்கு.

ராத்திரி நீ பண்ணின கூத்தை முதல்ல பேசித் தீத்துடுவோம். ஆட்டம் பாத்துட்டுப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தே. தொண்டை கட்டிப்போய் தவளை மாதிரி ஒரு சத்தம். "இனிமே இந்த ஊரு ஃபுட்பாலையே பாக்க மாட்டேன் தாத்தா"ன்னு சொல்லிட்டு, போட்டிருந்த சிவப்புச் சட்டையைக் கழட்டி, அடுப்படிக் குப்பைக் குழாய்க்குள்ள திணிச்சே. அது பாதி உள்ளே போய் மாட்டிக்கிச்சு. நீ தள்ளிப் பாத்தே, குத்திப் பாத்தே, நகரல. "விடுடா, உன் டீமு மாதிரியே இருக்கு, உள்ளேயும் போக மாட்டேங்குது வெளியேயும் வர மாட்டேங்குது"ன்னேன். உனக்குக் கோவம் வந்து கதவைச் சாத்திக்கிட்டே. அந்தச் சட்டையை இழுத்து எடுக்க எனக்குக் கால் மணி நேரம் ஆச்சு. இடுப்பு இன்னும் வலிக்குது. அந்த வலிக்குக் கூலியாத்தான் நீ இப்போ நான் சொல்றதைக் கேக்கப் போறே.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதின்னு கேளு. நான் பந்தை உதைச்சவன் இல்ல. ஒரத்தநாட்டுப் பக்கத்துலேர்ந்து 1956-ல் ரஜூலா கப்பல்ல வந்து இறங்கினப்போ எனக்குப் பத்து வயசு. சித்தப்பா கச்சாங் பூத்தே வியாபாரம். தலையில சும்மாடு, சும்மாட்டு மேல பலகைத் தட்டு, தட்டுல பட்டாணி, வறுகடலை, கொண்டைக்கடலை, முறுக்குத் துண்டு. பழைய காகிதத்தைக் கூம்பாச் சுருட்டி, அடியில ஒரு மடிப்பு மடிச்சா பொட்டலம் ரெடி. சுருட்டுறது என் வேலை. ஜாலான் புசார் ஸ்டேடியம் தெரியுமில்ல, இங்கேர்ந்து நடந்து போற தூரம்தான். 1929-ல் திறந்தது. அப்போ மலாயாக் கிண்ண ஆட்டமெல்லாம் அங்கதான். வாசல்ல நானும் சித்தப்பாவும் நிப்போம்.

மைதானத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா வெளியே வர்றவன் கையைப் பாத்துக் கணக்கு சொல்லிடுவேன். ஜெயிச்சுட்டு வர்றவன் ஒரு கடலையைத் தூக்கிப் போட்டு வாயால பிடிப்பான். ட்ரா ஆனவன் எண்ணி எண்ணித் தின்பான். தோத்தவன் இருக்கானே, அவன்தான் எங்க படியளந்த சாமி. ஒரு கைப்பிடியை மொத்தமா வாயில போட்டு, கோல்கீப்பரைக் கடிக்கிறதா நெனச்சு நறநறன்னு கடிச்சுட்டு, "இன்னொண்ணு குடுறா"ன்னு கையை நீட்டுவான். "சிங்கப்பூரு தோத்தாலும் நம்ம கடலை தோக்காதுடா"ம்பாரு சித்தப்பா. அவ்வளவு கோவமாப் போனவன் எவனாவது அடுத்த ஆட்டத்துக்கு வராம இருந்தானா? இல்ல. அதே ஆளு, அதே சட்டை, அதே வசவு. அதனால ராத்திரி நீ பண்ணின சபதத்தை நான் காதுல போட்டுக்கல. அந்த மாதிரி சபதத்தை நான் அஞ்சு காசுப் பொட்டலத்தோட சேத்து நூறு தடவை கேட்டிருக்கேன்.

நானே ஒரு தடவை பண்ணினவன்தான், அதையும் சொல்லிடுறேன். 1994 டிசம்பர் 17, ஷா ஆலம். மலேசியக் கிண்ண இறுதி ஆட்டம். பகாங்கை 4-0ன்னு மடிச்சோம். அப்பாஸ் சாத் மூணு, ஃபாண்டி அகமது ஒண்ணு. இந்த ஊர்லேர்ந்து ஜனங்க பஸ்ஸு பஸ்ஸா எல்லையத் தாண்டிப் போயி அந்த மைதானத்தையே சிவப்பாக்கிட்டாங்க. லீக்கும் நமக்கு, கிண்ணமும் நமக்கு. அடுத்த வருஷம் என்னாச்சு? டிக்கெட் வசூல்ல பங்கு எவ்வளவுன்னு ரெண்டு சங்கத்துக்கும் தகராறு. பந்தயச் சூதுன்னு ஒரு பக்கம் நாத்தம். நாம மூட்டையைக் கட்டிக்கிட்டு மலேசியப் போட்டியிலேர்ந்தே வெளியே வந்துட்டோம். அன்னிக்கு நான் உன் பாட்டி தலையில அடிச்சு, "இனி இந்தப் பந்தாட்டத்தை ஏறெடுத்துப் பாக்க மாட்டேன்"னு சத்தியம் பண்ணினேன். 1996-ல் எட்டு கிளப்பை வச்சு எஸ்-லீக் ஆரம்பிச்சாங்க. மொதல் வாரமே நான் கைலியை அவுத்துப் போட்டுட்டுப் பேண்ட் மாட்டினேன். "என் தலை என்னாகுறது?"ன்னா உன் பாட்டி. "உன் தலைக்கு ஒண்ணும் ஆகாதுடி, கல்லுத் தலை"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். அவ அதுக்கப்புறமும் நல்லாத்தான் இருந்தா. அதனால சத்தியம் பண்ணணும்னா கெட்டியான தலையாப் பாத்து அடி.

சரி, ராத்திரி நீ அடுக்கின குறையையெல்லாம் ஒண்ணொண்ணா எடுப்போம். தே தாரிக் ஆறுறதுக்குள்ள முடிச்சுடலாம்.

மொதக் குறை, "அந்தக் காலம் மாதிரி வருமா தாத்தா?" இதைச் சொல்ற நீ பொறந்ததே 2001-ல். அந்தக் காலத்தைப் பத்திப் பெருமூச்சு விடுற உரிமை என்னுது. அதையும் நீ எடுத்துக்கிட்டா நான் பொழுதைப் போக்குறது எப்படி? அந்தக் காலத்துக் கதையையும் முழுசாக் கேளு. 1965-ல் மலேசியக் கிண்ணத்தை ஜெயிச்சவங்க, அடுத்ததை ஜெயிச்சது 1977-ல். நடுவுல பன்னண்டு வருஷம் பட்டினி. 1980-ல் ஒண்ணு கெடச்சுது. அதுக்கப்புறம் பதினாலு வருஷம் காத்துக் கெடந்துதான் அந்த 94. நீ யூடியூப்ல நாலு நிமிஷ கோலை மட்டும் பாக்குறே. நடுவுல இருந்த வருஷங்களுக்கு யாரும் வீடியோ போடல.

அந்த 77 கிண்ணம் சும்மா வந்துச்சா? சூ செங் குவீன்னு ஒரு கோச். ஊரே அங்கிள் சூன்னு கூப்பிடும். பயிற்சிக்கு நேரம் கழிச்சு வந்தவன் அன்னிக்குச் செத்தான், அப்படி ஒரு மனுஷன். சர்க்கரை வியாதிக்காரர், என்னை மாதிரி. அந்த வருஷம் கால்ல பட்ட காயம் புரையோடி, காலையே எடுக்கும்படி ஆச்சு. கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்துல பினாங்கோட ஆட்டம். கூடுதல் நேரம் வரைக்கும் போயி 3-2ன்னு ஜெயிச்சோம். கேப்டன் யாரு? நம்ம சமது அல்லாபிச்சை. எங்க புளோக்குல டிவி இருந்த வீட்டு வாசல்ல அன்னிக்குச் செருப்பு எண்ணி மாளல. குவா கிம் சோங் வெற்றி கோலைப் போட்டதும் எழுந்து ஓடினவங்கள்ல பாதிப் பேரு அடுத்தவன் செருப்பை மாட்டிக்கிட்டுத்தான் ஓடினாங்க. நான் ரெண்டும் இடது கால் செருப்பா வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ரெண்டாவது குறை, "சத்தமே இல்ல தாத்தா, காலாங் முழக்கம் போச்சு." ஆமா, போச்சு. காலாங்ல 1973-ல் திறந்த பழைய மைதானத்துல மரப்பலகை இருக்கை. அம்பதாயிரம் பேரு கால் தட்டினா உள்ளங்கால் வழியா ஏறி வயித்துல வந்து நிக்கும் அந்த அதிர்வு. 2007-ல் மூடினாங்க, அப்புறம் இடிச்சாங்க. 2014-ல் வந்த புது மைதானத்துல திறந்து மூடுற கூரை இருக்கு, இருக்கைக்கு அடியிலேர்ந்து குளுகுளுன்னு காத்து வருது. உக்காந்த எடத்துலயே குளுமை பண்ணிவிட்டா மனுஷனுக்கு எங்கேர்ந்துடா ஆவேசம் வரும்? ஆனா கூரையையே குத்தம் சொல்லாதே. போன தடவை உன் கூட வந்தேனே, ஆட்டம் ஆரம்பிச்சு முடியுற வரைக்கும் உன் கண்ணு கைப்பேசியில. இங்க்லீஷ்காரன் ஆட்டத்துல எவன் கோல் போட்டான்னு பாத்துக்கிட்டிருந்தே. உன் அலமாரியைத் திறந்தேன். மான்செஸ்டர் யுனைடெட் சட்டை ஆறு இருக்கு. சிங்கம்னு பேரு வச்சிருக்கிற நம்ம ஊரு டீமுக்கு ஒரே ஒரு சட்டை, அதுவும் நேத்து குப்பைக் குழாய்க்குள்ள. அந்த மான்செஸ்டர்காரன் தன்னைச் செம்பேய்ன்னு சொல்லிக்கிறானாம். பேய்க்கு ஆறு படையல், குலசாமிக்கு அரை வாழைப்பழம். அப்புறம் சாமி வரம் தரலன்னா எப்படி?

மூணாவது குறைதான் எனக்குப் பிடிச்சது. "பெரிய பெரிய திட்டம் போடுறாங்க, ஒண்ணும் நடக்க மாட்டேங்குது." இதுல நான் உன் கட்சி. 1998-ல் "கோல் 2010"ன்னாங்க. 2010 உலகக் கிண்ணத்துக்குச் சிங்கப்பூரு போகணும்னு கனா. போச்சு. நம்ம டீமு இல்ல, 2010தான் போச்சு. 2021-ல் புதுசா ஒரு திட்டம், இப்போ 2034-ஆம். எனக்கு ஒரு சந்தேகம்டா. இவங்க வருஷத்தைக் குறிக்கிறாங்களா, இல்ல பஸ் நம்பரைச் சொல்றாங்களா? இது போனா அடுத்தது வரும்னு நிக்க வேண்டியதுதானா?

அதைவிடக் கூத்து நம்ம புளோக்குக்குக் கீழே. அந்தக் கீழ்த்தளத்துல ஒரு பலகை தொங்குது பாரு, பந்தாடாதேன்னு பந்து படத்தைப் போட்டுக் குறுக்கே சிவப்புக் கோடு. பக்கத்து வீட்டுச் சின்னவன் பந்தை எடுத்தா எதிர்வீட்டு ஆன்ட்டி கதவைத் திறக்குறாங்க. அவன் டியூஷன், சீனம், கணக்கு, நீச்சல்னு முடிச்சுட்டு வர்றதுக்குள்ள இருட்டிப் போகுது. பதினெட்டு வயசானா ரெண்டு வருஷம் தேசிய சேவை. அது நாட்டுக்கு வேணும், அதுல எனக்கு மறுப்பு இல்ல. ஆனா பந்தைத் தொட்டா வசவு, தொடாட்டி 2034-ல் உலகக் கிண்ணம் வேணும். வெதை நெல்லை வேகவச்சுத் தின்னுட்டு அறுவடைக்கு அருவா தீட்டுற குடித்தனம் இது. இந்தக் குறையை மட்டும் நீ எழுதி அனுப்பு, நான் கைநாட்டு போடுறேன்.

நாலாவது, "நம்ம லீக்குல நம்ம பசங்களே ஜெயிக்கல." ஜப்பான்காரன் அல்பிரெக்ஸ் நீகாட்டா இங்க வந்து ஆடி, 2018-ல் ஒரு ஆட்டம்கூடத் தோக்காம பட்டத்தைத் தூக்கிட்டுப் போனான். அவன்மேல என்ன கோவம்? விருந்தாளி சாப்பிட்டுப் போனான்னா வீட்டுக்காரன் இலை போடாம என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு கேளு. நம்ம லயன் சிட்டி செய்லர்ஸ் போன வருஷம், 2025 மே மாசம், ஆசியச் சாம்பியன்ஸ் லீக் டூ இறுதி ஆட்டத்துக்கே வந்தாங்க. பீஷான்ல, நம்ம மண்ணுலயே. சிங்கப்பூரு கிளப்பு எதுவும் அதுக்கு முன்னாடி ஆசியாவுல அந்தப் படி ஏறினதில்ல. ஷார்ஜாவோட ஆட்டம். கடைசி நேரத்துல சமன் பண்ணினோம். நீ என்னைத் தூக்கிச் சுத்தினே, என் பல்செட்டு கழண்டுச்சு. அதைத் தேடி எடுத்து மாட்டுறதுக்குள்ள, 97-வது நிமிஷத்துல அவன் இன்னொண்ணைப் போட்டுட்டான். அன்னிக்கு நீ அழுதே. எனக்கும் அழுகைதான். ஆனா பல்லைத் தேடுற சாக்குல குனிஞ்சே இருந்துட்டேன்.

உன் பெரியம்மா மகன் அமெரிக்காவுல டெட்ராய்ட்ல கார் கம்பெனியில இருக்கானே, அவன்கிட்ட இந்தக் கதையைச் சொன்னேன். சிரிக்கிறான். அவங்க ஊர்லயும் ஒரு சிங்கம் இருக்காம், டெட்ராய்ட் லயன்ஸ்னு. நம்ம பந்து இல்ல, அவங்க கையில வச்சுக்கிட்டு ஓடுறாங்களே முட்டைப் பந்து, அது. அந்தச் சிங்கம் கடைசியாப் பட்டம் வாங்கினது 1957-ல். அதுக்கப்புறம் சூப்பர் போல்னு ஒரு பெரிய இறுதி ஆட்டத்தை ஆரம்பிச்சாங்க, இதுவரைக்கும் ஒரு தடவைகூட அந்த வாசப்படியை மிதிச்சதில்ல. 2008-ல் பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. ஆனா நன்றித் திருநாள்னு ஒரு பண்டிகை வருதில்ல, அன்னிக்கு லயன்ஸ் ஆட்டம் நடத்துறது 1934-ல் தொடங்கின வழக்கமாம். குடும்பமா உக்காந்து வான்கோழியைத் தின்னுக்கிட்டே தோல்வியையும் தின்னுருக்காங்க. தீவாளிக்கு இவன் இங்க வந்தப்போ, திங்கட்கிழமை விடிகாலை ரெண்டு மணிக்கு எழுந்து இருட்டுல உக்காந்து அந்த முட்டையைப் பாத்தான். நான் பக்கத்துல போயி உக்காந்தேன். ஒரு எழவும் புரியல. ஆனா அவன் கை கடலைக் கிண்ணத்துக்குள்ள போன வேகத்தைப் பாத்தே தோத்துக்கிட்டிருக்கான்னு தெரிஞ்சுது.

அங்க ஒரு நல்ல வழக்கம் இருக்காம். எந்த டீமு கடைசியில வந்துச்சோ, அடுத்த வருஷம் காலேஜுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கிறப்போ அதுக்குத்தான் முதல் உரிமை. கடைசிப் பந்தியில உக்காந்தவனுக்கு முதல் வடை! இப்படி ஒரு தர்மம் நம்ம ஊர்ல உண்டா? இங்க முதல் பந்திக்கே வடை தீந்து போகுது.

அடுத்து ஒண்ணு கேக்குறேன், நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. 2024 ஜூன் மாசம் நம்ம கோல்கீப்பர் ஹசான் சன்னி தாய்லாந்துக்காரன் அடிச்ச பந்தைப் பதினொரு தடவை தடுத்தார். நாம 3-1ன்னு தோத்தோம். ஆனா தாய்லாந்து இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தா சீனா உலகக் கிண்ணத் தகுதிச் சுத்துலேர்ந்து வெளியே போயிருக்கும். சீனாக்காரன் என்ன பண்ணினான்? தெம்பனிஸ்ல அவரோட நாசி லெமாக் கடையைத் தேடிக் கண்டுபிடிச்சான். இங்க இருந்தவன் வரிசையில நின்னான். அங்க இருந்தவன் கடையில ஒட்டியிருந்த க்யூஆர் படத்தைப் பிடிச்சு, சாப்பிடாமலே காசு அனுப்பினான். போதும்யா நிறுத்துங்கன்னு அவரே கேட்டுக்கும்படி ஆச்சு. சிங்கப்பூரு ரசிகன் நீ, அந்தக் கடைக்கு எத்தனை தடவை போயிருக்கே? ஒரு தடவையும் இல்ல. ஆனா அவர் ஒரு பந்தை விட்டப்போ வைஞ்சியே, அது எத்தனை தடவை? அதுக்குக் கணக்கே இல்ல.

இப்போ புத்திமதிக்கு வர்றேன். 1998 டைகர் கிண்ண இறுதி ஆட்டம், ஹனோய். வியட்நாம்காரன் ஊரு, அவன் கூட்டம், அவன் சத்தம். 1-0ன்னு நாம ஜெயிச்சோம். நாடுன்னு நாம தூக்கின முதல் பன்னாட்டுக் கிண்ணம் அது. கோல் போட்டது நம்ம ஆர். சசிகுமார். தடுப்பாட்டக்காரர். எதால போட்டார்? காலால இல்ல, தலையாலயும் இல்ல. பந்து வந்து தோள்பட்டையில பட்டு உள்ளே போச்சு. அதுக்கு முன்னால வி. சுந்தரமூர்த்தி இருந்தார். சுவிட்சர்லாந்து பாசல் கிளப்புக்கே போய் ஆடினவர். 1993-ல் புருணையோட ஆட்டத்துல காத்துல மல்லாந்து ஒரு உதை உதைச்சார், பாத்தவன் இன்னும் கண்ணை மூடினா அது தெரியும். அது வித்தை, எல்லாருக்கும் வராது. சசிகுமார் கோலை அதிர்ஷ்டம்னு சில பேரு சொன்னாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அதிர்ஷ்டம் தோள்ல வந்து விழணும்னா தோள் அங்க இருக்கணும்டா. தடுப்பாட்டக்காரன் அவ்வளவு தூரம் ஓடிப் போயி எதிரி கோலுக்கு முன்னால நின்னான் பாரு, அதான் வித்தை.

ரசிகனுக்கும் அதே சட்டம்தான். 2025 நவம்பர் 18 ஞாபகம் இருக்கா? ஹாங்காங்ல ஆட்டம். பாதி ஆட்டத்துல 0-1. நீ ரிமோட்டைச் சோபாவுல எறிஞ்சுட்டு, "போதும்"னு சொல்லிட்டு, கீழ பரோட்டா சாப்பிடப் போயிட்டே. நான் மட்டும் உக்காந்திருந்தேன். ஷவால் அனுவார் ஒண்ணு போட்டார். கொஞ்ச நேரத்துல ஃபாண்டி மகன் இல்ஹான் இன்னொண்ணு. கேவின் லீ, நம்ம ஊர்ப் பிள்ளை, அவர்தான் கோச்சு. 2-1. ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதி. 1984-ல் போட்டியை நடத்துற நாடுன்னு உள்ளே விட்டாங்க. ஆடி ஜெயிச்சு உள்ளே போறது இதான் முதல் தடவை. நாப்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வால்நட்சத்திரம்டா அது. நீ அப்போ பரோட்டாவை மீன்குழம்புல முக்கிக்கிட்டிருந்தே. புளோக்கே கத்தினப்புறம் மூச்சு வாங்க ஓடிவந்து, "ஏன் தாத்தா கூப்பிடல?"ன்னு கேட்டே. கூப்பிட்டிருப்பேன். பரோட்டா ஆறிடுமேன்னுதான் விட்டுட்டேன்.

அதனால குறை சொல்லாதேன்னு நான் சொல்ல மாட்டேன். குறை சொல்லாத ரசிகன் உப்பில்லாத பட்டாணி, எங்க சித்தப்பா தட்டுல அவனுக்கு எடமில்ல. சங்கத்தைத் திட்டு, நடுவரைத் திட்டு, அவர் அம்மாவை மட்டும் விட்டுடு. ஆனா காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டுத் திட்டு. கடைசி விசில் ஊதுற வரைக்கும் உக்காந்திருந்துட்டுத் திட்டு. எம்ஆர்டியில கூட்டம் வந்துடும்னு எம்பதாவது நிமிஷத்துல எழுந்து போறவனுக்கு வாயைத் திறக்க உரிமை கெடையாது. நம்ம லீக்குல ஆடுற பசங்க பத்துப் பேரு பேரை மூச்சு விடாம சொல்லிட்டு, அப்புறம் மான்செஸ்டர் கதையை எடு. பக்கத்து வீட்டுச் சின்னவனையும் கூட்டிக்கிட்டுப் போ. புளோக்குக்குக் கீழே பலகை இருக்கலாம், ஜாலான் புசார்ல பலகை இல்ல.

2027 ஜனவரியில சவூதியில ஆசியக் கிண்ணம். போயித் தோக்கலாம். மூணு ஆட்டமும்கூடத் தோக்கலாம், எனக்கு அதுல ஒண்ணும் ஆச்சரியம் இல்ல. ஆனா அன்னிக்கு நீ டிவி முன்னாடி இருக்கே. பரோட்டாவை நான் முன்கூட்டியே வாங்கி வச்சுடுறேன்.

கோப்பி முடிஞ்சுது, எழுந்திரு. உன் சட்டையைத் துவைச்சு மூங்கில் கழியில மாட்டியிருக்கேன். மீன் வாடை போக ரெண்டு தடவை சோப்பு போட்டேன், சிங்கத்துமேல மட்டும் இன்னும் லேசா இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஜாலான் புசார். டிக்கெட் ரெண்டு, உன் செலவு. கடலை என் செலவு. பெரிய பொட்டலமாவே வாங்குறேன், தோத்தா பத்தணும்ல.